சொப்பனத்தில் ஏறி உலகைச் சுற்றியவர்

சேலத்திலிருந்து புறப்படும் பஸ் அடிவாரத்தில் சற்றே மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக ஏறி ஏற்காட்டில் நம்மை இறக்கிவிடும். இறங்கியவர்களில் பாதிப் பேர் நேரே போவது ஏரிக்கரைக்கு. அங்கே கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு வேடிக்கை. குழந்தைகள் சிவப்புப் படகு வேண்டும் என்று அடம் பிடிக்கும். புதுமணத் தம்பதிகள் இருவர் மட்டுமே உட்காரக்கூடிய படகைத் தேடுவார்கள். பெரிய குடும்பத்துடன் வந்தவர் எல்லாரையும் ஒன்றாக ஏற்றிவிடலாம் என்று அகலமான படகைக் காட்டுவார். படகுக்காரரோ ஒன்றும் பேசாமல் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்.

இந்தக் கட்டுரை எழுதுகிறவனும் ஒரு முறை புதுப் பெயிண்டின் பளபளப்பில் மயங்கி ஒரு படகைத் தேர்ந்தெடுத்து, ஏரியின் நடுவில் போய் விழித்தவன்தான். படகில் குற்றம் இல்லை. அது நாலு பேர் துடுப்புப் போடவேண்டிய படகு. நான் ஒற்றை ஆள். பக்கத்தில் ஒல்லியான பழைய படகில் ஒரு கிழவர் சாவகாசமாக என்னைத் தாண்டிப் போனார். கரைக்கு வந்தபோது தோள் இரண்டும் கழன்றுவிட்டன. படகுக்காரர் சிரித்தார். அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கும் படகிலேயே இத்தனை சங்கதி இருக்கிறதென்றால், அகண்ட சமுத்திரத்தைக் கடக்கப் படகு தேடுகிறவன் பாடு எப்படி இருக்கும்? அதுவும் கையில் அதிகப் பணம் இல்லாமல், ஏற்கெனவே கடலில் ஓடிய படகாகப் பார்த்து வாங்க வேண்டுமானால்? அப்படித் தேடி, தேடியது கிடைத்து, அதில் ஏறி உலகையே சுற்றி வந்தவர் ஒருவர் இருந்தார். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்பது அவர் பெயர். பாய்மரக் கடலோடிகளின் உலகில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. நம்மவர்கள் அவரை அறிந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. அவர் தம் வாழ்நாளில் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கப்பல்களில் ஒன்று, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கைகள் வேப்பமரத்தில் கட்டிய கப்பல்.

எஞ்சினீயரின் ஆசை

ராபின்சன் 1902-ம் ஆண்டு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தைச் சேர்ந்த கெனோஷா என்ற ஊரில் பிறந்தார். கெனோஷா கடற்கரை ஊர் அல்ல. மிச்சிகன் ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரி என்றதும் ஏற்காட்டு ஏரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அதன் ஒரு கரையில் நின்றால் மறு கரை கண்ணுக்குத் தெரியாது. புயல் வந்தால் கப்பல்களையும் கவிழ்க்கும்.

எஞ்சினீயரிங் படித்தார். நியூயார்க்கில் நெசவுத் தொழிலைச் சேர்ந்த ஓர் உத்தியோகம் கிடைத்தது. படித்த பையன், கைநிறையச் சம்பளம், பெரிய நகரம். பெற்றவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் ராபின்சனின் மனம் அங்கே இல்லை. மற்றவர்கள் வீடு வாங்கவும் மோட்டார் வாங்கவும் சேமித்த காலத்தில் அவர் ஒரு படகு வாங்கச் சேமித்தார். கடற்பயணப் புத்தகங்களும் கடல் வரைபடங்களுமே அவருடைய மாலை நேரத் துணை.

அந்தக் காலத்தில் சிறு படகில் உலகைச் சுற்ற நினைத்த எவனும் ஒரு பெயரை மறந்திருக்க முடியாது. அது ஜோஷுவா ஸ்லோகம் என்ற பெயர். ராபின்சன் கதைக்கு அவர் கதை பாயிரம் போன்றது. ஆகவே அதைச் சொல்லிவிட்டுத் தொடருவோம்.

வயலில் கிடந்த கப்பல்

ஸ்லோகம் பெரிய பாய்க்கப்பல்களில் காப்டனாக இருந்தவர். நீராவிக் கப்பல்கள் வந்தபின் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1892-ல் ஈபன் பியர்ஸ் என்ற பழைய காப்டன் அவருக்கு ஒரு கப்பலைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். ஆவலுடன் போய்ப் பார்த்தால், மாசசூசெட்ஸில் பேர்ஹேவன் என்ற ஊரில் ஒரு வயலில், தண்ணீருக்கு வெகு தூரத்தில், முட்டுக் கொடுத்து நிறுத்திய ஒரு மட்கிய படகு! அதன் பெயர் ஸ்ப்ரே. ஊரார், அதை உடைக்கப் போகிறார் என்றே எண்ணினார்கள்.

ஸ்லோகம் உடைக்கவில்லை. பக்கத்திலேயே ஓக் மரம் வெட்டி அடிக்கட்டை போட்டார். விலாக்கட்டை ஒவ்வொன்றாக, பலகை ஒவ்வொன்றாக மாற்றினார். 13 மாதம் உழைத்தார். செலவு 553 டாலர் 62 சென்ட். கணக்கில் சென்ட் வரைக்கும் எழுதி வைத்த மனிதர்! அந்தப் படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். 1895-ல் பாஸ்டனிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, 46,000 மைல் ஓடி, 1898-ல் திரும்பினார். உலகைத் தனியே படகில் சுற்றி வந்த முதல் மனிதர் அவரே. இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ப்ரே வேகமான படகல்ல. அழகான படகும் அல்ல. அகலமாக, தொப்பை விழுந்த செட்டியார் மாதிரி இருக்கும். ஆனால் பாயைச் சரிபார்த்துச் சுக்கானைக் கட்டிவிட்டால் தானாகவே திசை தவறாமல் ஓடும். இந்து மகாசமுத்திரத்தில் கோகோஸ் தீவுக்கு 2,700 மைல், 23 நாள் ஓடியபோது அவர் சுக்கானைப் பிடித்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் சமையல், படிப்பு, தூக்கம். தனி ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பந்தயத்தில் ஓடுகிறவன் கையில் ஸ்ப்ரேயைக் கொடுத்திருந்தால் முதல் நாளே திருப்பிக் கொடுத்திருப்பான். 1909-ல் அதே படகில் மறுபடி புறப்பட்ட ஸ்லோகம் திரும்பவே இல்லை. அவரும் படகும் என்ன ஆனார்கள் என்பது கடலுக்குத்தான் தெரியும்.

மாட்டுச் சந்தையும் படகுத் துறையும்

இப்போது ராபின்சனிடம் வருவோம். அவருக்கு வேண்டிய படகு எது?

நம் ஊர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தரகர் எவ்வளவு புகழ்ந்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கடைசியில் அவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, மாடு நல்ல மாடா என்பதல்ல. என் வண்டிக்கும் என் நிலத்துக்கும் ஆகுமா என்பதுதான். வண்டல் நிலத்தில் உழுத மாட்டை மலையடிவாரத்துச் சரளை மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

பழைய படகு வாங்குவதும் இப்படித்தான். தெரிந்தவர்கள் மேல்தட்டின் பெயிண்டைப் பார்ப்பதில்லை. கரையேற்றி, தண்ணீருக்குக் கீழே இருந்த பாகத்தைப் பார்ப்பார்கள். பேனாக்கத்தியின் நுனியால் பலகையைக் குத்துவார்கள். நல்ல மரமானால் கத்தி நிற்கும். மட்கிய மரமானால் வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கும். வேடிக்கை என்னவென்றால், மரத்துக்கு உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரே பெரிய சத்துரு. கடல் நீரில் ஊறிய பலகை உறுதியாக இருக்க, மேல்தட்டின் மூலையில் மழை நீர் தேங்கிய இடம்தான் முதலில் மட்கும். பிறகு பலகை இடுக்குகளில் நாரும் குங்கிலியமும் அடைத்திருக்கும் கலப்பற்று வேலை எப்படி இருக்கிறது, அடிக்கட்டையைப் பிணைக்கும் இரும்பு துருவேறியிருக்கிறதா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் இற்றுப்போனவையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெப்பமான கடலில் ஓடிய படகானால் இன்னொரு பயம்: மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. வெளியே குண்டூசித் துவாரம், உள்ளே தேன்கூடு.

இவ்வளவும் படகின் குணதோஷம். வாங்குகிறவனின் குணதோஷம் வேறு இருக்கிறதே! எத்தனை பேர் போகிறோம்? ஆழமான துறைமுகத்துக்கா, பவழத் தீவுகளின் ஆழமில்லாத கழிக்குள்ளா? சீக்கிரம் போய்ச் சேர ஆசையா, போகிற வழியெல்லாம் தங்க ஆசையா? நமக்கு எவ்வளவு பலம், எவ்வளவு பொறுமை, எவ்வளவு பணம்? பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்காமல், எப்படிப்பட்டவர்களாக இருக்க ஆசைப்படுகிறார்களோ அதற்கேற்ற படகை வாங்கிவிடுகிறார்கள். பெரிய படகு கௌரவந்தான். ஆனால் அதன் நங்கூரத்தைத் தூக்க நாலு ஆள் வேண்டும். நாலு ஆளுக்குச் சோறு வேண்டும்.

ராபின்சன் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார். அவர் தேர்ந்தெடுத்த படகின் நீளம் 32½ அடிதான். படகு வரைவதில் பெயர் பெற்ற ஜான் ஆல்டன் வரைந்தது. கனடாவில் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஷெல்பர்ன் என்ற ஊரில் 1925-ல் கட்டப்பட்டது. மீன்பிடி கப்பல்கள் கட்டிப் பழகிய ஊர்; ஆகவே படகு அலங்காரத்துக்கல்ல, அலைக்குக் கட்டப்பட்டது. முன்னால் பெரிய பாய்மரம் ஒன்று, பின்னால் சிறியது ஒன்று. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு லாபம் உண்டு. பாய் ஒரே பெரிய துண்டாக இல்லாமல் பல சிறு துண்டுகளாகப் பிரிந்திருப்பதால் ஒவ்வொன்றையும் ஒரே ஆள் சமாளிக்கலாம். திடீரென்று காற்று வலுத்தால் நடுவில் உள்ள பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயும் பின்பாயுமாகப் படகு சமநிலை கெடாமல் ஓடும். இருட்டில், மழையில், தூக்கக் கலக்கத்தில் ஒருவன் தனியே செய்யக்கூடிய வேலை அது.

படகின் பெயர் ஸ்வாப். ஏதோ ஆங்கிலப் பெயர் என்று நினைக்க வேண்டாம். சமஸ்கிருதச் சொல்! நாம் சொப்பனம் என்று சொல்கிறோமே, அதே வேரிலிருந்து பிறந்தது. விஸ்கான்சினில் பிறந்த எஞ்சினீயர் ஒருவர் நம் பக்கத்துச் சொல்லைத் தேடிப் பிடித்துத் தம் கனவுக்குப் பெயராக வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றரை ஆண்டு

1928 ஜூனில் அமெரிக்காவிலிருந்து பெர்முடாத் தீவுக்கு நடந்த படகுப் பந்தயத்தில் ஸ்வாப்பும் புறப்பட்டது. பந்தயம் ஒரு சாக்கு. பெர்முடாவோடு மற்றப் படகுகள் திரும்பின, ராபின்சன் திரும்பவில்லை. மேற்கிந்தியத் தீவுகள், பனாமாக் கால்வாய், கலாபகஸ் தீவுகள் என்று போய்க்கொண்டே இருந்தார். தஹித்தியில் எட்டேரா என்ற தீவுவாசி துணைக்கு ஏறிக்கொண்டான். கடைசி வரை கூடவே வந்தான். பிஜி, சாலமன் தீவுகள், நியூகினி, ஜாவாப் பக்கத்துத் தீவுகள், சிங்கப்பூர், இலங்கை, அரேபியக் கரை, செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல் எல்லாவற்றையும் கடந்து 1931 நவம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் நுழைந்தார். மூன்றரை ஆண்டு ஓடியிருந்தது.

அதற்கு முன் ஸ்லோகத்தின் படகு 37 அடிக்குச் சற்றுக் குறைவு. பிறகு ஹாரி பிட்ஜன் என்ற அமெரிக்கர் தாமே கட்டிய 34 அடிப் படகில் 1921 முதல் 1925 வரை சுற்றினார். ஸ்வாப் இரண்டையும்விடச் சிறியது. அந்நாள் வரை உலகைச் சுற்றிய மிகச் சிறிய படகு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. ராபின்சன் எழுதிய பயணப் புத்தகம் 1932-ல் வெளிவந்து அவரைப் பிரசித்தப்படுத்தியது.

அவருக்கு விவாகமும் ஆயிற்று. மனைவி பிளாரன்ஸ், அமெரிக்காவில் குழாய்ச் சாமான்கள் செய்து பெரும் பணம் திரட்டிய கிரேன் குடும்பத்துப் பெண். இருவருமாக ஸ்வாப்பிலேயே கலாபகஸ் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே 1934-ல் வந்தது விபத்து. ஆளரவமற்ற ஒரு குடாவில் நங்கூரமிட்டிருக்கையில் ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. டாக்டர் இல்லை, ஊரே இல்லை. பனாமாவோ சுமார் ஆயிரம் மைல்.

தெய்வாதீனமாக அந்தப் பக்கம் ஒரு மீன்பிடி கப்பல் வந்தது. அதில் ரேடியோ இருந்தது. செய்தி பனாமாவுக்குப் போக, அமெரிக்கக் கடற்படை விமானங்களையும் ஒரு போர்க்கப்பலையும் டாக்டர்களுடன் அனுப்பியது. உயிர் பிழைத்தார். பத்திரிகைகள் நாள்தோறும் இந்தச் செய்தியைப் போட்டன. ஆனால் நோயாளியைத்தான் ஏற்றிக்கொண்டு போக முடிந்ததே ஒழிய, படகை அல்ல. ஸ்வாப் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது அவர் கைக்குத் திரும்பவே இல்லை. அந்தத் தீவுகளிலேயே சிதைந்து அழிந்தது. உலகம் முழுவதும் தன்னைச் சுமந்து வந்த படகை அப்படி விட்டுவிட்டு வந்தவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

வல்வையின் அன்னபூரணி

அடுத்த படகு விஷயத்தில் ராபின்சன் முதல் முறை போட்ட கணக்கைப் போடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த முறை அவர் காதல் கொண்டார்.

1930-களில் மேல்நாடுகளில் பெரிய பாய்க்கப்பல்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. குறுக்கு மரங்களில் சதுரப் பாய் கட்டிய கப்பலைப் பார்க்க வேண்டுமானால் பொருட்காட்சிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை. ஆனால் இலங்கையின் வடகோடியில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையில், அந்தக் கப்பல்கள் பொருட்காட்சிப் பொருளாக இல்லாமல் பிழைப்புக்காக ஓடிக்கொண்டிருந்தன. வல்வெட்டித்துறை என்ற சிறு ஊர். ஊரார் செல்லமாக வல்வை என்பார்கள். அங்கே கப்பல் கட்டுவது மேஸ்திரிகளின் பரம்பரைத் தொழில். கப்பல் ஓட்டுவது தண்டையல்களின் பரம்பரைத் தொழில். தண்டையல் என்றால் கப்பல் தலைவன். நாகப்பட்டினத்துக்கும் மற்றச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களுக்கும், வங்கக் கடலைத் தாண்டிப் பர்மாவுக்கும் அவர்கள் கப்பல்கள் போய் வந்தன. பர்மா அரிசி யாழ்ப்பாணத்து அடுப்புக்கு வந்தது அவர்கள் பாய்க்கு அடித்த காற்றில்தான்.

அந்த வல்வையில் சுந்தர மேஸ்திரி என்பவர் கைவண்ணத்தில் உருவான கப்பல் அன்னபூரணி. நீளம் 89 அடி. கட்டிய மரம் வேம்பு. வேப்ப மரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது என்பது நம் வீட்டுப் பெட்டிகளைக் கேட்டாலே தெரியும். மேல்நாட்டார் ஓக், தேக்கு என்று தேடுவார்கள். வல்வையாருக்குக் கொல்லையில் நின்ற மரம் கப்பலாயிற்று. பசித்தவருக்குச் சோறிடும் அம்மனின் பெயரை அரிசி ஏற்றும் கப்பலுக்கு வைத்ததில் எவ்வளவு பொருத்தம்!

இந்தக் கப்பலை ராபின்சன் விலைக்கு வாங்கினார். 32½ அடிப் படகில் உலகைச் சுற்றியவருக்கு 89 அடிச் சரக்குக் கப்பல் எதற்கு? ஒருவராலோ இருவராலோ அதை நடத்த முடியாது. அவர் முதல் படகுக்கு வகுத்துக்கொண்ட எந்த விதியும் இதற்குப் பொருந்தவில்லை. ஆனால் உலகில் இனி இல்லை என்று நினைத்திருந்த ஒன்று கண்ணெதிரே தண்ணீரில் மிதக்கும்போது விதியாவது, கணக்காவது! அழிந்து வரும் இனத்தின் ஒரு பிரதியாவது தன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தார் போலும்.

கப்பலுக்கு மனைவியின் பெயரைச் சூட்டினார். அன்னபூரணி, பிளாரன்ஸ் சி. ராபின்சன் ஆனாள். வாங்கியவர் விருப்பம், அதில் நாம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆயினும் வல்வையில் அந்தப் புதுப் பெயரை யாரும் நாவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்று முதல் இன்று வரை அவர்களுக்கு அது அன்னபூரணிதான்.

கப்பலை விற்றவர்கள் தமிழர்கள்; ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களே. தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகள் சிலரும் கப்பலோடு போக இசைந்தார்கள். வங்கக் கடல் அவர்களுக்கு வீட்டு முற்றம். அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் புதிது. 1937-ல் இலங்கையை விட்டுக் கிளம்பினார்கள்.

செங்கடல் பாய்க்கப்பலுக்கு உகந்த இடமல்ல. அதன் வட பாகத்தில் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசும். வடக்கே போகிறவனுக்கு எதிர்க்காற்று. சதுரப் பாய்க்கு எதிர்க்காற்று போல் பகை வேறில்லை. இதனால்தான் சூயஸ் கால்வாய் திறந்த பிறகும் பெரிய பாய்க்கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தன. ஸ்லோகம் கூட ஜிப்ரால்டர் வரை வந்து, வழியில் உள்ள கொள்ளைக்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, சூயஸ் மார்க்கத்தைக் கைவிட்டுத் தெற்கே திரும்பினார். வல்வை மாலுமிகளோ அந்த வழியாகவே அன்னபூரணியைக் கொண்டுபோனார்கள். சூயஸைக் கடந்தார்கள், மத்தியதரைக் கடலைக் கடந்தார்கள், ஜிப்ரால்டர் தாண்டி அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். கடைசிக் கட்டத்தில் தலைமை ஓர் அமெரிக்கக் காப்டனிடம் இருந்தது. பெர்முடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்டு 1-ந் தேதி மாசசூசெட்ஸில் உள்ள குளஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள்.

குளஸ்டர் மீன்பிடிகாரர்களின் ஊர். பாய்மரத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள். 1895-ல் ஸ்லோகம் பாஸ்டனை விட்டதும் முதலில் நின்று சாமான் சேகரித்துக்கொண்ட துறைமுகமும் அதுவே. அங்கே நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், தங்கள் தாத்தா காலத்துக் கோலத்தில், இந்துக்கள் ஓட்டிக்கொண்டு வந்த கப்பலைக் கண்டதும் ஊர் திரண்டது. பாஸ்டன் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. அவர்கள் வேடிக்கை பார்த்ததில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் கட்டிய வேப்பமரக் கப்பல் இரண்டு சமுத்திரங்களின் உப்பைச் சுமந்துகொண்டு வந்து நின்றது. கட்டியவர்களில் எவரும் கப்பல் கட்டும் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர்.

வந்தவர்களின் கப்பல் இனி அவர்களுடையதல்ல என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்கள் ஒப்புக்கொண்ட வேலை. சேர்த்துவிட்டார்கள். பெண்ணைப் புக்ககம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் உறவினரின் முகம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

தானே கட்டிய படகு

குளஸ்டருக்குப் பக்கத்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் ராபின்சன் ஒரு கப்பல் கட்டும் தளம் வைத்தார். பழங்காலக் கப்பல்களின் வடிவில் புதுக் கப்பல் கட்டுவது அவர் எண்ணம். 1778-ம் ஆண்டுக் கப்பல் ஒன்றின் அமைப்பைப் பின்பற்றி ஸ்விப்ட் என்ற கப்பலை 1938-ல் கட்டி முடித்தார். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் காக்னி பின்னாளில் அதற்குச் சொந்தக்காரரானார். யுத்தம் வந்தது. தளம் கடற்படைக்கு வேலை செய்தது. துருப்புகளைக் கரையிறக்கும் கலங்களும் மற்றச் சிறு கப்பல்களும் அங்கிருந்து போயின.

இதன் நடுவே தமக்கென்று ஒரு கப்பலை அவர் கட்டிக்கொண்டார். அமெரிக்கக் கோப்பைப் பந்தயங்களில் வென்ற படகுகளை வரைந்த ஸ்டார்லிங் பர்ஜஸ் என்ற மேதை வரைவில் உதவினார். 1942-ல் தண்ணீரில் இறக்கிய அந்தக் கப்பலின் நீளம் 70 அடி. முன் பாய்மரத்தில் சதுரப் பாய்கள். பின் பாய்மரத்தில் ஆள் குறைவாக இருந்தாலும் கையாளக்கூடிய நெடும்பாய்கள்.

இந்த அளவையும் அமைப்பையும் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. 32½ அடி, 89 அடி, கடைசியில் 70 அடி. ஸ்வாப் கற்றுக்கொடுத்தது ஒரு பாய்மரத்தில் இருக்கிறது. அன்னபூரணி கற்றுக்கொடுத்தது இன்னொன்றில் இருக்கிறது. இது ஊகம்தான். ஆனால் அன்னபூரணியை ஏறிப் பார்க்காதவர் முன் பாய்மரத்தில் சதுரப் பாயை அவ்வளவு பிடிவாதமாக வைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

கப்பலுக்கு வருவா என்று பெயர் வைத்தார். தஹித்தி மொழியில் அதற்கு ஆவி, ஆன்மா என்று பொருள்.

தென் சமுத்திரப் புயல்

யுத்தம் முடிந்த 1945-ல் ராபின்சன் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டார். கப்பல் தளம், உத்தியோகம், சொந்த ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பிளாரன்ஸோடு மணவாழ்வும் அதற்குள் முடிந்திருந்தது. வருவாவில் ஏறித் தஹித்திக்குப் போய் அங்கேயே குடியேறினார்.

1951-ல் தஹித்தியிலிருந்து தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போகும்போதுதான் வருவாவுக்கு உண்மையான பரீட்சை வந்தது. தென் பசிபிக்கில் நாற்பதாவது அட்சரேகைக்குத் தெற்கே, உலகைச் சுற்றி நிலம் அதிகம் குறுக்கிடாத இடம் அது. மேற்குக் காற்றுக்கும் அலைக்கும் அங்கே தடை குறைவு. அங்கே அவரை ஒரு புயல் பிடித்தது. வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தவர், அதுபோல் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பாய்கள் அத்தனையையும் இறக்கினார். வெறும் பாய்மரங்களில் அடித்த காற்றே கப்பலைத் தள்ளிக்கொண்டு போயிற்று. இந்த நிலையில் ஆபத்து, நிற்பதில் அல்ல, மிதமிஞ்சி ஓடுவதில். அலையின் சரிவில் கப்பல் வேகமாக இறங்கினால் மூக்குத் தண்ணீரில் குத்தி, பின்பக்கம் தூக்கி, தலைகுப்புறக் கவிழும். ஆகவே கனத்த வடங்களைப் பின்னால் கடலில் விட்டு இழுக்கச் செய்தார். மலைச்சரிவில் இறங்கும் கட்டை வண்டிக்குப் பின்னால் மரத்துண்டைக் கட்டி இழுப்பார்களே, அதே தந்திரம். மணிக்கணக்காகச் சுக்கானைப் பிடித்து, ஒவ்வோர் அலையும் நேர் பின்னாலேயே வரும்படி கப்பலை வைத்துக்கொண்டார். சிறிது பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வருவா தாங்கியது. சிலியின் தென்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தப் பயணத்தைப் பற்றி அவர் 1956-ல் வெளியிட்ட புத்தகத்தை, புயலைச் சமாளிக்கும் முறைக்காகவே கடலோடிகள் படித்தார்கள்.

தஹித்தியில் அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. அந்தத் தீவுகளில் யானைக்கால் வியாதி மிகுதி. கொசுவினால் பரவும் அந்த நோய் என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை; தஞ்சாவூர், சென்னைப் பக்கத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதை ஒழிக்கும் ஆராய்ச்சியைத் தஹித்தியில் தொடங்குவதற்கு ராபின்சன் முன்னின்று உழைத்தார். உலகைச் சுற்றியவர், கடைசியில் தாம் தங்கிய தீவின் கொசுவோடு போராடினார்.

வருவா பல ஆண்டுகள் அவரிடமே இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் அதிலேயே கிழக்காசியப் பக்கம் இன்னொரு நீண்ட பயணம் போய் வந்தார். அதைப் பற்றிய அவருடைய புத்தகம் 1972-ல் வந்தது. பயணம் இல்லாத காலங்களில் தஹித்தியின் பவழப் பாறைகளுக்கு உள்ளே, அலை ஓய்ந்த கழியில், கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். சதுரப் பாய்கள் சுருட்டிக் குறுக்கு மரத்தோடு கட்டியிருக்கும். காற்று மாறினால் அவிழ்ப்பதற்கு வசதியான முடிச்சாகவே அதைப் போட்டிருப்பார்கள்.